மீதி இரண்டு குவளை

கப்பதோக்கியா மலைநாட்டில் குருவானவராக ஊழியம் செய்யும் மேன்மை தங்கிய சிசின்னியோஸ் அவர்களின் சமூகத்துக்கு, அர்த்தகே துறைமுகத்திலிருந்து, மேற்படியாரைத் தோளில் தூக்கித் திரிந்து தோளெல்லாம் மூத்திரம் வாங்கிய ஆர்தெமோன் பணிந்து எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். முட்டி இரண்டும் சுகமில்லை. அவை தனி ஆட்கள், அவற்றுக்காக நான் பேசுவதில்லை. சந்தையில் கடிதம் எழுதித் தருகிறவன் இருக்கிறான், ஆனால் அவனிடம் சொன்னால் மை காய்வதற்குள் ஊர் முழுக்கப் படித்துவிடும். அதனால் நானே எழுதுகிறேன். எழுத்து நண்டு நடந்த மாதிரி இருக்கும். நீ படித்தவன், கூட்டிப் படித்துக்கொள்.

சூரை மீன் ஏற ஆரம்பித்துவிட்டது. மீன் வரவைப் பார்த்துக் குரல் கொடுக்கும் பரணில் இப்போது இளவட்டம் கிளைகோன் நிற்கிறான். என் முட்டி ஏணிக்கு ஒப்புக்கொள்ளாததால் போன வருஷமே அவனிடம் விட்டுவிட்டேன். மேக நிழலைப் பார்த்துவிட்டு, "மீன் வருது, மீன் வருது"ன்னு கத்துகிறான். நான் கீழே பாறையில் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, அது மழைடா. அதுக்கு உப்புப் போட முடியாது" என்கிறேன். அவனுக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை. எனக்குப் பொழுது போகிறது.

போன வாரம் நடந்த கூத்தைக் கேள். பெரிய வலையை இரண்டு படகு சேர்ந்துதான் இழுக்க வேண்டும், உனக்குத் தெரியும். ஒரு படகில் உன் கட்சி. பிதா, சுதன், ஆவி மூவரும் சமம் என்று சொல்லி, ஞானஸ்நானத்தில் மூன்று தடவை முழுக்குகிறவர்கள். இன்னொரு படகில் நம் ஊர்க் கோவில் குரு கர்தேரியோஸின் கட்சி. பிதா ஒருவரே பிறவாதவர், சுதன் அவருக்குக் கீழேதான் என்று சொல்லி, ஒரே தடவை முழுக்குகிறவர்கள். மீனும் வந்தது, வலையும் நிறைந்தது. இழுக்கிற நேரத்தில் உன் ஆட்கள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி மூன்றில் இழுக்கிறார்கள். அவர்களோ "ஒண்ணு" என்றதுமே இழுத்துவிட்டு நிமிர்ந்து நிற்கிறார்கள். வலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, அத்தனை சூரையும் வாலை ஆட்டிவிட்டுப் போய்விட்டது. நான் கரையில் நின்று, "ஏன்டா, மீனு எந்தக் கட்சின்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாடா?" என்றேன். இரண்டு படகும் ஒரே குரலில் என்னைத் திட்டின. இந்த ஊர் சேர்ந்து ஒரு காரியம் செய்து பார்த்து எனக்கு ரொம்ப நாளாகிவிட்டது.

சரி. உன் கடிதம் வந்து சேர்ந்தது. நான்கு தடவை படித்தேன். நாற்பத்தோரு வருஷமாக ஞானஸ்நானம் வாங்காமல் காத்திருப்போர் வரிசையிலேயே நிற்கிறீர்களே என்று என்னைத் திட்டியிருக்கிறாய். அது நியாயம். கடைசியில் ஒரே தடவையாகக் கழுவிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் பாவம் செய்கிற தெம்புதான் முதலில் போய்விட்டது. இப்போது கழுவ என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

அதற்குக் கீழே அம்மாவைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறாய். "ஒரு முழுக்குக்காரர்கள் கொடுத்தது ஞானஸ்நானம் ஆகாது. அம்மா காத்திருப்பவளாகவே போய்விட்டாள். மரித்தவர்களின் பெயர்களைப் பூசையில் வாசிக்கும்போது அவள் பெயரை என்னால் சேர்க்க முடியாது. என்னை மன்னியுங்கள்." உன் கையெழுத்து எப்போதும் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அந்த நாலு வரி மட்டும் கீழ்நோக்கிப் போயிருந்தது. அதைப் பார்த்தேன். அதனால் கோபமாக எதுவும் எழுதவில்லை.

ஆனால் நடந்ததைத் தெரிந்துகொள். மாசிக் குளிரில், வடக்குக் காற்று வீட்டுக் கூரையைப் பிய்க்கிற நாளில், உன் அம்மா அம்மியாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. உன் கட்சி குருவானவரை அரசாணை விரட்டிவிட்டது, அவர் தீவில் பதுங்கியிருந்தார். படகு போகாது. கர்தேரியோஸ் வீடு நாலு வீடு தள்ளி. நான் ஓடினேன். என் முட்டியோடு ஓடினேன், யோசித்துப் பார். யார் சமம், யார் கீழே என்று நான் நின்று கேட்கவில்லை. கிட்ட இருந்தவரைக் கூட்டி வந்தேன். தப்பு என்றால் அது என் காலுடைய தப்பு. அவள் பெயரை ஏன் எடுக்கிறாய்?

மறுபடியும் யோசித்து எழுது. பக்கத்து வீட்டு உப்புமீன்காரி திரிபைனா உன்னை விசாரித்தாள். உடம்பைப் பார்த்துக்கொள். மலைக்குளிரில் கம்பளி இல்லாமல் போகாதே.

உன் தகப்பன்,
ஆர்தெமோன்

*

பெருமதிப்புக்குரிய மகன் சிசின்னியோஸுக்கு, பதிலுக்குக் காத்திருந்து கழுத்து நீண்டுபோன தகப்பன் ஆர்தெமோன் அர்த்தகேயிலிருந்து எழுதுவது.

கோடையில் இரண்டு கப்பல் வந்தது. இரண்டிலும் உன் கடிதம் இல்லை. மாலுமி ஒருவனிடம், "மலைநாட்டுல காகிதம் விளையறதில்லையா?" என்று கேட்டேன். "உம் மவன் பெரிய மனுசன் ஆயிட்டாரு பெரியவரே, பிதாவப் பத்தி எழுதவே அவருக்கு நேரம் பத்தல"ன்னு சொன்னான். அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு சிரித்துவிட்டேன். நல்ல பகடி, என்ன செய்ய. இன்னும் பத்து நாளில் கடல் மூடிவிடும். பிறகு பங்குனி வரை கப்பல் கிடையாது. அதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் சாப்பிடுகிறேன். பார்லிக் கஞ்சியும் திரிபைனா கொடுக்கிற உப்புமீனும். போன தடவை மீன் ரொம்பக் கரித்தது. "எந்தக் காலத்துல பிடிச்சது இது, உன் கல்யாணத்துலயா?" என்றேன். "அண்ணே, சும்மா குடுக்கறதுக்கு இவ்வளவு வாயா? நாளையிலேருந்து கஞ்சிய மட்டும் குடிச்சிட்டுக் கிட" என்றாள். மறுநாளும் கொண்டுவந்தாள். அவளைத் தவிர என்னைத் திட்ட ஊரில் ஆளில்லை. இரண்டு நாள் அவள் சந்தைக்குப் போயிருந்தபோது நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. இருமினேன், என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறேன். பாட்டு, வாசிப்பு, பிரசங்கம் எல்லாம் முடிந்ததும் திருத்தொண்டர் எழுந்து, "காத்திருப்போரெல்லாம் வெளிய போங்க"ன்னு சத்தம் போடுவார். நாங்கள் எழுந்து வருவோம். நாங்கள் என்றால் பால்குடிப் பிள்ளைகளோடு நாலு பெண்கள், நேற்று வந்து சேர்ந்த இரண்டு பேர், அப்புறம் நான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவார்கள். அப்புறம்தான் உள்ளே பூசை, அப்புறம்தான் மரித்தவர்களின் பெயர்கள். முன்பெல்லாம் உன் அம்மாவும் என்னோடு வெளியே வருவாள். படியில் உட்கார்ந்து வறுத்த கொண்டைக்கடலை தின்போம். "உள்ள என்னதான் நடக்குதோ"ன்னு அவள் கேட்பாள். "பெரிசா ஒண்ணும் இருக்காது, நம்மள வச்சிக்கிட்டே செய்யலாம்"னு நான் சொல்வேன். முப்பது வருஷம் இதே கேள்வி, இதே பதில்.

இப்போது நான் மட்டும் வெளியே. அவள் பெயர் உள்ளே. கர்தேரியோஸ் ஒவ்வொரு வாரமும் அவள் பெயரை வாசிக்கிறார் என்று திரிபைனா சொல்கிறாள். திரிபைனா இந்தச் சண்டையெல்லாம் வருமுன் முழுகியவள். எந்தக் கட்சி வந்தாலும் அவளுக்கு உள்ளே இடம் உண்டு. நான் கதவில் காதை வைத்துப் பார்த்தேன். கெட்டிக் கதவு. முனகல் மாதிரி ஏதோ கேட்கிறது, பெயர் பிடிபடவில்லை. ஒன்பது மாதமாக வாசிக்கிறார்கள், நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இதைக் கர்தேரியோஸும் கண்டுபிடித்துவிட்டார். வீட்டுக்கு வந்தார். "பெரியவரே, ஒரே ஒரு முழுக்குதான். குளிர்காலத்துக்கு மூணைவிட அது சுலபம் இல்லையா? அப்புறம் கதவச் சாத்தும்போது நீரு உள்பக்கம் இருப்பீரு. உம்ம பெண்சாதி பேர உம்ம காதாலயே கேக்கலாம்" என்றார். பகடியாகத்தான் சொன்னார், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மனுஷனுக்கு மரியாதை தெரியும். அப்புறம் வழக்கம்போல வேதம் பேச ஆரம்பித்தார். பிதா எப்போதும் இருந்தாராம். சுதன் இல்லாத ஒரு காலமும் இருந்ததாம். நான் சொன்னேன், "ஐயா, எனக்கும் அப்படி ஒரு காலம் இருந்துச்சு. முப்பத்திரண்டு வருஷம். ஆனா அப்ப என்னை யாரும் அப்பான்னு கூப்பிடல. வெறும் ஆர்தெமோன்தான்." "இத எங்க படிச்சீரு?" என்றார். "எங்கயும் படிக்கல. கப்பல் வர்ற நாள்ல துறையில நிக்கும்போது தோணுச்சு" என்றேன்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். போன வாரம் அரைக்கச்சையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, போய் முழுகிவிடலாமா என்று உட்கார்ந்திருந்தேன். அங்கே முழுகினால் அவளைக் கேட்கலாம், உன்னை இழந்துவிடுவேன். உன் பக்கம் வந்தால் அவளை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்பதே எனக்கு நிச்சயமில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கடிதத்தில் அதை எழுதக் கை வரவில்லை. கச்சையைத் திரும்பக் கட்டிக்கொண்டேன்.

கடல் மூடுமுன் ஒரு வரி எழுது. பிதாவைப் பற்றி வேண்டாம், உன் சளி எப்படி இருக்கிறது என்று எழுது.

உன்னை ஆசீர்வதிக்கும்,
உன் தகப்பன்

*

சிசின், அப்பா எழுதுகிறேன்.

இந்தத் தடவை பட்டமெல்லாம் போடவில்லை. விளையாட்டுக்கு மனம் இல்லாததால் அல்ல, எழுத வேண்டியது நிறைய இருக்கிறது.

உன் கட்சி ஜெயித்துவிட்டது, உனக்குத் தெரிந்திருக்கும். புது அரசரின் ஆணையோடு பங்குனியில் சிப்பாய்கள் வந்தார்கள். கோவில் சாவியைக் கர்தேரியோஸிடமிருந்து வாங்கி, தீவில் பதுங்கியிருந்து வந்த உங்கள் குரு ஓலிம்பியோஸிடம் கொடுத்தார்கள். கர்தேரியோஸுக்கு அடுத்த படகு வரைதான் தவணை. அவரிடம் கல்யாணம் செய்துகொண்டவர்கள், பிள்ளைக்குப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் யாரும் துறைக்கு வரவில்லை. பயம். நான் போனேன். காத்திருக்கிறவனை எந்தக் கட்சியிலிருந்து விரட்ட முடியும்?

இரண்டு மூட்டை, ஒரு கூடையில் கோழி, அவர் மனைவி. அவ்வளவுதான். நான் வாயைச் சும்மா வைத்துக்கொள்ளாமல், "ஐயா, காத்து பலமா இருக்கு. பாத்துப் போங்க, படகு கவுந்தா ஒரு தடவைக்கு மேல முழுக வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் முறைத்தாள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மூட்டையை அவிழ்த்து, மரித்தவர்களின் பெயர் எழுதிய பலகையை எடுத்தார். "பெரியவரே, இங்க கதவு இல்ல. உம்மள வெளிய போகச் சொல்ல ஆளும் இல்ல. நில்லும்" என்றார்.

வாசித்தார். மேலிருந்து ஒவ்வொரு பெயராக, கோவிலில் வாசிக்கிற மாதிரியே. பதினான்காவதாக வந்தது. "அம்மியா, சூரை பார்க்கிற ஆர்தெமோனின் மனைவி." என் பெயரும் சேர்ந்து வருமென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. படகுக்காரன், "ஏறுங்க சாமி, காத்து மாறுது"ன்னு கத்தினான். அவர் ஒரு பெயரும் விடாமல் முடித்துவிட்டுத்தான் ஏறினார். "போற இடத்துல கோவில் இருக்குமோ இருக்காதோ, நான் வாசிச்சிக்கிட்டுதான் இருப்பேன்" என்றார். அவரிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் அந்த இடத்திலேயே அவள் பெயரைச் சுரண்ட வேண்டியிருக்கும் அவருக்கு. அதனால் சொல்லாமல் விட்டேன். நல்ல மனுஷனை ஏமாற்றி அனுப்பினேன்.

ஓலிம்பியோஸ் புதுப் பலகை எழுதினார். முதல் ஞாயிறு முடிந்து திரிபைனா வெளியே வந்தாள். நான் படியில் எழுந்து நின்றேன். அவள் என்னைப் பார்க்காமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "மீன் காயப் போட்டிருக்கேன் அண்ணே, நாய் வந்துரும்" என்று வேகமாகப் போய்விட்டாள். அதிலேயே தெரிந்துகொண்டேன். இப்போது அவள் பெயர் உன் பலகையிலும் இல்லை, இங்கேயும் இல்லை.

ஆகையால் இதுவரை யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்.

அன்று கர்தேரியோஸ் வந்து, அடுப்பில் வெதுவெதுப்பாக்கிய தண்ணீரை ஒரு குவளை அவள் தலையில் ஊற்றி, அவர்கள் வழக்கப்படி "ஆண்டவருடைய மரணத்துக்குள்" என்று மட்டும் சொல்லி, எண்ணெய் பூசிவிட்டுப் போனார். அவர் போனதும் அம்மியா கண்ணைத் திறந்தாள். "ஏங்க, நம்ம சிசின் மூணு தடவன்னுதானே எழுதியிருந்தான்? இவரு ஒண்ணோட போயிட்டாரே" என்றாள். "காய்ச்சல்ல கிடக்க, பேசாம படு" என்றேன். கேட்கவில்லை. "நாளைக்கு அவன் இதச் சொல்லி என்னை ஒதுக்கிருவான். புள்ள ஒரு பக்கம், நான் ஒரு பக்கமா? மீதி ரெண்டையும் நீங்க ஊத்துங்க" என்றாள். நானே முழுகாதவன், நான் ஊத்தலாமா என்றேன். "வேற யாரு இருக்கா வீட்டுல?" என்றாள்.

விறகு முடிந்திருந்தது. இருந்தது கிணற்றுத் தண்ணீர். சுதன் பெயரைச் சொல்லி ஒரு குவளை ஊற்றினேன். அவளுக்குப் பல் கிட்டியது. போதும் என்று குவளையைக் கீழே வைத்தேன். அவள் கையை நீட்டி அதைத் தட்டிக் காட்டினாள். "ஆவி பேர விட்றாதீங்க. பாவம், இந்தச் சண்டையில அவர யாருமே கண்டுக்கறதில்ல." அந்த நடுக்கத்திலும் உன் அம்மாவுக்குப் பகடி. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஊற்றினேன், சிசின். பிறகு இருந்த துணியெல்லாம் போட்டுப் போர்த்தினேன். நடுக்கம் நிற்கவில்லை. மறுநாள் மதியம், கிளைகோன் கொண்டுவந்து போட்ட விறகு எரிந்துகொண்டிருக்கும்போதே போய்விட்டாள்.

இதுதான் நடந்தது. ஒன்று அவர் ஊற்றினார், இரண்டு நான் ஊற்றினேன். மூன்று ஆகிறதா? ஆயர்களைக் கேள், பெரிய புத்தகங்களைப் பார். முழுகாதவன் ஊற்றலாமா, பாதியை ஒருவரும் மீதியை ஒருவரும் கொடுக்கலாமா, எனக்குத் தெரியாது. செல்லும் என்று நீ சொன்னால், அவள் உன் பக்கம் இருக்கிறாள், கேட்டதை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். செல்லாது என்றால், காய்ச்சலில் கிடந்தவள் தலையில் நான் சும்மா பச்சைத் தண்ணீர் ஊற்றினவன். அதற்குமேல் அந்த யோசனையை என்னால் கொண்டுபோக முடியவில்லை. பகலில் பாறையில் உட்கார்ந்து கிளைகோனைக் கேலி செய்து சமாளித்துவிடுகிறேன்.

இந்தக் குளிரில் எனக்கும் இருமல் பிடித்தது, இன்னும் விடவில்லை. ஓலிம்பியோஸ் நல்ல பிள்ளைதான். "தாத்தா, இந்தப் பாஸ்கா பண்டிகைக்கு உங்கள மூணு தடவை நல்லா அமுக்கிர்றேன், வாங்க" என்கிறார். "எம் மவன் கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும் தம்பி" என்றேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும்.

நீ வர முடிந்தால் வா. மலைப்பாதை திறந்திருக்கும். வந்து நீயே உன் கையால் என்னை முழுக்கு, எத்தனை தடவை வேண்டுமானாலும். வர முடியாவிட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை எழுது. விளக்கம் வேண்டாம், எனக்குப் புரியாது. மூவராக இருந்தாலும் ஒருவராக இருந்தாலும் ஆண்டவர் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல தூக்கத்தையும் தரட்டும். நீ முடிவு செய்கிறவரை நான் எந்தத் தண்ணீரிலும் இறங்க மாட்டேன். அவளை எந்தப் பக்கம் எழுதுகிறாயோ, என்னையும் அந்தப் பக்கமே எழுதிவிடு.

அப்பா